மைக்கில் சொன்ன பேர்

எங்கள் பயணத்தில் இரண்டு ஊர்கள். டெல்லி அவருக்கு, ஜெய்ப்பூர் எனக்கு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சண்டையில்லாமல் பங்கு பிரித்துக்கொண்டது அது ஒன்றைத்தான். வீரபாண்டியில் எங்களுக்குப் பத்து மெஷின் போட்ட சின்னத் தையல் யூனிட். என் மெஷினுக்கு எதிரே நூல் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கும். அதில் ஒரு ரோஸ் கலர் அரண்மனை, சுவர் முழுக்க ஜன்னல். பனியனுக்குக் கை வைத்துத் தைக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல்களைத்தான் பார்ப்பேன். ஜெய்ப்பூர், ஜெய்ப்பூர் என்று சொல்லிச் சொல்லியே அவர் காதைத் துளைத்திருந்தேன். தீபாவளிக்குக் கம்பெனிகளெல்லாம் பத்து நாள் பூட்டிய ஒரு வருஷம் மனுஷன் இறங்கி வந்தார். அதுவும் டெல்லி வரை பிளேனில்!

கோயமுத்தூரில் பிளேன் ஏறியபோது எனக்குக் கால் தரையிலேயே இல்லை. ஜன்னல் சீட்டை நான் பிடித்துக்கொண்டேன். பிளேன் சீறிக் கிளம்பியதும் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கண்ணைத் தொறங்க! மேகம் நம்முளுக்குக் கீழ போகுதுங்க!" என்று கத்தினேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்! ஒருவழியாகக் கண்ணைத் திறந்தவர் முதலில் பார்த்தது மேகத்தை அல்ல, சீட்டின் தலைமாட்டில் போட்டிருந்த துணியை. விரலால் தேய்த்துப் பார்த்து, "ரெண்டு தண்ணி அலசுனாத் தாங்காது அம்மணி" என்றார்.

டெல்லியிலும் அதே கதைதான். செங்கோட்டையைக் கால் மணி நேரத்தில் சுற்றி முடித்தவர், கடைவீதியில் தொங்கிய டீ-சர்ட்டுகளை உள்பக்கம் திருப்பித் தையல் பார்ப்பதிலேயே அரை நாளை ஓட்டினார். நாளைக்கு என் ஊர் என்று பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜெய்ப்பூர் ரயில். டிக்கெட் அவர் சட்டைப் பையில், எங்களுக்கிருந்த ஒரே செல்போன் என் கைப்பையில். "எந்தப் பொட்டின்னு பார்த்துட்டு வர்றேன், இங்கியே நில்லு அம்மணி" என்று போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் ரயில் மூன்றாம் நம்பர் பிளாட்பாரத்துக்கு மாறிவிட்டதாக அறிவித்தார்கள். கூட்டம் மொத்தமும் பாலத்தில் ஏறியது, என்னையும் சூட்கேஸையும் சேர்த்து அள்ளிக்கொண்டு. அந்தப் பக்கம் இறங்கிப் பார்த்தால் ரயில் நிற்கிறது, அவரைக் காணோம்.

கிளம்ப இருபது நிமிஷம். நான் திரும்பிப் போய், அதற்குள் அவர் இங்கே வந்துவிட்டால்? போன் போடுவார் என்று பார்த்தால், அந்த நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. தன் நம்பருக்குத் தானே போன் போட்டவர் யார்? அதற்கடுத்த நாள் மாலையே டெல்லியிலிருந்து ஊருக்குப் பிளேன். இந்த ரயிலை விட்டால் ஜெய்ப்பூர் காலண்டரோடு சரி.

ஒரு போலீஸ்காரரிடம், "ஹஸ்பெண்ட் மிஸ்ஸிங் சார்" என்றேன். அவர் என்னை அறிவிப்பு அறையில் கொண்டுபோய் விட்டார். மைக் முன்னால் இருந்தவர், "நாம்?" என்றார். பேரைக் கேட்கிறார். எங்கள் யூனிட்டில் பீகார்க்காரர்கள் இருந்ததால் அந்த அளவு இந்தி எனக்குத் தெரியும். என் பேரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். புருஷன் பேர் வேண்டுமாம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. நானும் அதுவரை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால், "பழனி மலை மேல நிக்கிறாருங்களே, அவரு பேருங்க" என்பேன். எழுதிக்கொள்வார்கள். டெல்லியில் யாருக்குப் பழனி தெரியும்? சட்டென்று ஒரு யோசனை. எழுதினால் குற்றமில்லையே! இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். அந்த மனிதர் அதை நாலு துண்டாக உடைத்து மைக்கில் திரும்பத் திரும்ப வாசித்தார். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. யாரும் வரவில்லை. எட்டு நிமிஷம்தான் பாக்கி. மைக்குக்காரர் கடுப்பாகி, நீயே கூப்பிட்டுக்கொள் என்பதுபோல் மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனது ஆகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஒரே ஒரு தடவை, முழுப் பேரையும். ஸ்டேஷன் முழுக்க அது கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்போதும் ஆளைக் காணோம். எனக்கு வந்ததே கோபம்!

"ஏனுங்க! எங்கீங்க போய்த் தொலைஞ்சீங்க? வண்டி எடுக்கப் போறாங்க, மூணாம் நம்பருக்கு ஓடியாங்க!"

மைக்குக்காரர் வாயைப் பிளந்தார். அந்தப் பெரிய ஸ்டேஷனில் 'ஏனுங்க'வுக்கு ஓடி வரக்கூடியவர் ஒருத்தர்தான். நான் சூட்கேஸோடு ரயிலடிக்கு ஓடியபோது அவர் பாலத்துப் படியில் தடதடவென்று இறங்கி வந்தார், குளிருக்குப் போட்ட குல்லாயை ஒரு கையால் பிடித்தபடி. பேச நேரமில்லை. கையில் கிடைத்த பெட்டியில் ஏறினோம். ரயில் நகர்ந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து எங்கள் சீட்டில் போய் விழுந்தோம்.

மூச்சு வாங்கியதும் பிடித்துக்கொண்டேன். "அத்தனை வாட்டி கூப்பிட்டது கேக்கலீங்களா?"

"மொதல்ல அந்த ஆளு வேற ஆரையோ கூப்பிடறான்னு நெனச்சேன்."

"அதில்லீங்க. பொறவு நான் பேரு சொல்லிக் கூப்பிட்டது?"

மனுஷன் குனிந்து செருப்பைப் பார்த்தார். "கேட்டுச்சு."

"கேட்டும் ஏனுங்க வர்ல?"

"இன்னொருக்கா சொல்லுவியான்னு நின்னுட்டேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். என்ன மனுஷன் இவர்! ரயில் போனாலும் போகட்டும் என்று தன் பேருக்காக நின்றிருக்கிறார். பதினெட்டு வருஷமாக ஒன்றுக்கு ஏங்கிக் கிடந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே. சிரிப்பு வந்தது. ரயில் நல்ல வேகமெடுத்திருந்தது. பெட்டியில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. அவர் காதோரம் குனிந்து அந்தப் பேரை மெதுவாகச் சொன்னேன்.

"சத்தத்துல கேக்கலை அம்மணி" என்றார்.