முதல் பரிசு வாங்கிய வீடு

தங்கராஜுவும் வீரப்பனும் மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீரப்பன் கங்காணியாகிவிட்டார். தங்கராஜு இன்னும் கொழுந்து வெட்டும் மிஷின் பிடிக்கிறார். அதை இருவர் தூக்க வேண்டும், செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மறுமுனையில் வங்கதேசத்துக்காரன் ஷஃபிகுல்.

கங்காணி வேலை வீரப்பனுக்குப் போனதைக்கூட தங்கராஜு விழுங்கிக்கொண்டார். ஆகஸ்டு மாதம்தான் தாங்கவில்லை. சுதந்திர நாளையொட்டி, நன்றாகக் கொடி கட்டிய வீட்டுக்குத் தோட்ட ஆபீஸ் பரிசு கொடுக்கும். வருடம் தவறாமல் வீரப்பன் வீடு. வருடம் தவறாமல் தோட்டத்து மேனேஜர் துரையோடு வீரப்பன் நிற்கும் படம்.

இந்த வருடம் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த மகள் ரேகா ஒரு சொல்லைக் கொண்டுவந்தாள்: தேசவெறி. தங்கராஜுவுக்கு அது இனித்தது. மலையில் தேநீர் வேளையில் எல்லோரிடமும் சொன்னார், வீரப்பனுக்கு இருப்பது தேசப்பற்று இல்லை, தேசவெறி என்று. வீரப்பனும் சேர்ந்து சிரித்தார். அது இன்னும் எரிந்தது.

ரேகாவிடம் சொல்லிக்காட்டியபோது அவள் சிரிக்கவில்லை.

"கொடி கட்டுறது வெறி இல்லப்பா. கொடியைக் காட்டி அடுத்தவன மெரட்டுறதுதான் வெறி. வீரப்பன் மாமா யார மெரட்டுனாரு?"

மகளும் வீரப்பன் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிப்போய் புதுக் கொடிகள் வாங்கி வந்து, கூரை விளிம்பு முழுக்கக் கட்டினார். ஞாயிறு காலை துரையும் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியும் பார்க்க வருவதாக இருந்தது. ஒரு வாரப் பனிமூட்டம் அன்றைக்கு விலகி நல்ல வெயில் அடித்தது. பக்கத்து வீட்டு ஷஃபிகுல் வாரமெல்லாம் காயாத துணிகளைக் கொண்டுவந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கயிற்றில் விரித்தான். கொடிகளுக்கு நேர் முன்னால் லுங்கியும் சட்டையும் தொங்கின.

தங்கராஜு வெளியே வந்தார்.

"அங்காட் இனி செமுவா. இனி நெகாரா காமி." எல்லாவற்றையும் எடு, இது எங்கள் நாடு என்று மலாயில். அவனுக்கும் லயத்துக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

ஷஃபிகுல் ஈரத்துணிகளை அள்ளினான். எதிர்வீட்டு வீரப்பன் இறங்கி வந்து பாதியை வாங்கிக்கொண்டார். தன் வாசலில் இரண்டு வரிசைக் கொடிகளை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் துணிகளைக் காயப் போட்டார். ரேகா போய் உதறிக் கொடுத்தாள்.

பரிசு தங்கராஜுவுக்கு. துரையோடு படம் எடுக்கும்போது மகளைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. பிறகு சொன்னாள்: "அந்தச் சொல்லுக்கு ஆள் தேடிட்டு இருந்தீங்களே. நம்ம வீட்லயே ஆப்டுச்சு."

மறுநாள் மலையில் ஷஃபிகுல் வேறு மிஷினுக்குப் போய்விட்டான். அவனே கேட்டானாம். மற்றவர்கள் தங்கள் ஜோடியோடு வரிசையில் இறங்கிவிட்டார்கள். தங்கராஜு ஒற்றை முனையைப் பிடித்தபடி நின்றார். அப்போது வீரப்பன், கங்காணியானபின் ஒருநாளும் தொடாதவர், கைலேஞ்சைத் தலையில் கட்டிக்கொண்டு மறுமுனையைத் தூக்கினார்.

"போலாமா, ராஜு?"

பழக்கம் விட்டுப்போனவர்போலவே இல்லை. எங்கே தடுமாறுவார் என்று தங்கராஜு வரிசை முழுக்க அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார்.