நோய் தொடங்கிய தேதி

என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஆமத்தூருக்குத் திரும்பிய வாரமே தன் தம்பியின் கண்ணைக் கெடுத்தார்.

எல்லையில் கண்ணிவெடி வெடித்து, கூட நடந்த இருவர் அவர் கண்ணெதிரே சிதறிப்போயிருந்தார்கள். இவருக்கு ஒரு காது மட்டும் போயிற்று என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அண்ணன் தம்பி இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நாரணாபுரம் பக்கம் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்தது. வீடு அதிர்ந்தது. என்னவென்று பார்க்க எழுந்த கொழுந்தனை இவர் பின்னாலிருந்து பாய்ந்து பிடித்தார். பிடரியைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினார். திமிறி எழுந்தவரை மறுபடியும் மோதினார். இரும்புக் கட்டிலின் முனை கண்ணில் இறங்கியது. தலைமயிரைப் பிடித்து இழுத்த என்னை முழங்கையால் இடித்ததில் என் முன்பல் தெறித்தது. சோற்றிலெல்லாம் ரத்தம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, ஆஸ்பத்திரியில் மாடு முட்டிவிட்டது என்றோம். கொழுந்தனும் அப்படியே சொன்னார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஊர் இவரை ரவுடி என்றது. வெடிச் சத்தம் கேட்ட நாளெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது உடைந்தது. சில நாள் என் விலா.

பல வருஷம் கழித்துத்தான் ராணுவ டாக்டர்கள் இது மனநோய், போர்முனையில் வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஊன ஓய்வூதியத்தை அவர்கள் பரிசோதித்த தேதியிலிருந்துதான் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்தே நோய் இருந்தது என்று மேல்முறையீடு செய்தோம். “அப்பவே இருந்துச்சுன்னு யாராச்சும் வந்து சொல்லணும்மா” என்றார் வக்கீல்.

கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றார்.

“அவுகளுக்குப் பென்சன் வர நான் கண்ணைக் காட்டணுமா, மதினி?”

“பென்சனை விடுங்க, தம்பி. அன்னைக்கு உங்களை அடிச்சது அவுகளா, அந்த நோயான்னு யாராவது ஒருத்தர் தீர்த்துச் சொல்லட்டும். எனக்கும் தெரியணும்.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் விசாரணைக்கு வந்தார்.

சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தில் விசாரிக்க இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி; தமிழர். கொழுந்தன் நடந்ததைச் சொன்னார்.

“அடிக்கும்போது உங்க அண்ணன் ஏதாவது பேசினாரா?” என்று கேட்டார் அதிகாரி.

“‘லேட்டுஜா, லேட்டுஜா’ன்னு கத்துனாகய்யா. எதுக்கு நான் லேட்டுன்னு இன்னை வரைக்கும் விளங்கலே.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அது இந்தி. ‘படுத்துக்கோ’ன்னு அர்த்தம். கண்ணிவெடியிலிருந்து உங்களைக் காப்பாத்தறதா நெனைச்சிருக்கார்.”

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றினார். இருக்கிற கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வீட்டுக்கு அனுப்பிய நாளே நோயின் நாள் என்று தேதியை மாற்றினார்கள். அதில் எழுதியிருந்ததை, விசாரணைக்கு வராத இவருக்குப் படித்துக் காட்டினேன். தம்பிக்கு மாடு முட்டியது என்றுதான் இவரும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைய நாள் இவருக்கு நினைவிலேயே இல்லை. “ஏலே, நானாலே?” என்று எதிரில் இல்லாத தம்பியைக் கேட்டார். பிறகு சுவரில் நெற்றியை மோத ஆரம்பித்தார். என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. தகவல் கேட்டு ஓடிவந்த கொழுந்தன்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக் கீழே உட்காரவைத்தார். இருவர் சட்டையிலும் ரத்தம்.

இப்போது இவர் மாத்திரை சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். அண்ணனுக்கு எதிரில் உட்காருவார். ஒருநாளும் அவருக்கு முதுகைக் காட்டமாட்டார்.