வெர்லீன் மேப்ரியின் ஒரு ஏக்கர்

வெர்லீன் மேப்ரிக்குக் கோபம் வராத நாளை மிசிசிப்பி மாநிலத்து வெதர்பி கவுண்டியில் யாரும் பார்த்ததில்லை. இருபத்தேழு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஓடுகிற பஸ்ஸில் ஒரு பிள்ளை எழுந்து நின்றால், திரும்பக்கூட மாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், பிள்ளை உட்கார்ந்துவிடும். பாஸ்டர் பிரசங்கத்தை இழுத்தால் முன்வரிசையிலிருந்தே கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவாள். அறுபது வயதுக்காரியை யார் கேட்பது?

அத்தனை கோபத்திலும் பெரிய கோபத்தை அவள் தன் அண்ணன் ஹோலிஸுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். "டெட்ராய்ட் போனான், கார் பேக்டரியில சம்பாதிச்சான், அப்பா மண்ணுக்கு ஒத்த டாலர் வரி கட்டினானா?" இதைக் கேட்காத காது அந்தச் சபையில் இல்லை. முடிவெட்டும் கடையில் சொல்வாள், மீன் வறுவல் விருந்தில் சொல்வாள், பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளின் அம்மாக்களிடமும் சொல்வாள்.

சொல்வதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. அப்பா யூஜின் மேப்ரி நாலு ஏக்கர் வாங்கிப் போட்டவர். அவர் செத்த பிறகும் வரிச்சீட்டு அவர் பெயருக்கே வந்தது. அந்தப் பக்கத்துக் கறுப்புக் குடும்பங்களில் அது வழக்கம்தான். செத்தவர் பெயரை எடுக்க வக்கீலிடம் போக வேண்டும், வக்கீலிடம் போன நிலம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் பெயரைத் தொடாமல், உயிரோடிருப்பவர்கள் வரியை மட்டும் கட்டிவிடுவார்கள். வெர்லீன் ஒவ்வொரு ஜனவரியும் கவுண்டி அலுவலக ஜன்னலில் நின்று ரொக்கமாகக் கட்டி, ரசீதை வாங்கிப் பிஸ்கட் டப்பாவில் போடுவாள்.

அப்பா போன மறுவருடம், தொண்ணூற்று மூன்றில், அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"வரியில பாதியாவது குடுண்ணே."

"என்னடி பாதி? நான்தான் கட்டிக்கிட்டு இருக்கேனே!"

"பொய் சொல்லாதே. சீட்டு என் கையில இருக்கு, இந்தா, அப்பா பேரோட!"

"நீ குடியிருக்கிற வீட்டுக்கு நான் கட்டுறேன், என்னையே பொய்யன்ங்கிறியா?"

வெர்லீன் போனை வைத்தாள். வைத்தது வைத்ததுதான். இருபத்திரண்டு வருடம் ஒரு பேச்சில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஹோலிஸ் செத்தான் என்று சேதி வந்தபோது, பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். கிடைத்திருப்பார்கள். அவள் கேட்கவே இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சவாரி முடித்து வீட்டுக்கு வந்தால், வாசல் புல்லில் வரிசையாக, குச்சியில் கட்டிய சின்னச் சின்ன ரோஸ் நிறக் கொடிகள். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவன் அளவு நாடாவோடு நின்றான்.

"யாருய்யா நீ? என் புல்லுல என்ன நடுறே?"

"என் பேரு ஸ்டாலிங்ஸ், மேடம். ரெண்டு வருஷம் முன்னாடி வரி ஏலத்துல இந்த ஒரு ஏக்கரை எடுத்தேன். வரி பாக்கியைக் கட்டி மீட்குற கெடு வர்ற வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட முடியுது. அதுக்கு அப்புறம்தான் உங்களைத் தொந்தரவு பண்ணுவேன், கவலைப்படாதீங்க."

"வரி ஏலமா? ஒரு வருஷம் விடாம கட்டியிருக்கேன்டா! டப்பா நெறய ரசீது இருக்கு!"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைப் பற்றவைத்தது. அவன் காரில் ஏறும்முன்பே கொடிகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டாள்.

பிஸ்கட் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் மிஸ் டாட்டி இருந்தாள். வெள்ளைக்காரி, முப்பது வருடமாக அதே நாற்காலி. வெர்லீனின் பணத்தை வருடாவருடம் எண்ணி வாங்கிய கை அவளுடையதுதான். டப்பா ஜன்னல் பலகையில் டமாரென்று விழுந்தது.

"எண்ணிப் பாருங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் சொல்லுங்க."

டாட்டி நாலைந்து ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தாள், கணினியில் தட்டினாள், திரையை வெர்லீன் பக்கம் திருப்பினாள். "குறையல மிஸ் வெர்லீன். எல்லாம் கட்டியிருக்கீங்க. ஆனா இந்த நம்பருக்குக் கட்டியிருக்கீங்க."

"எந்த நம்பருக்கு?"

"ரசீதுல மேல இருக்கு பாருங்க, மனை எண். கடைசியில பன்னெண்டு, புள்ளி, ரெண்டு சைபர். அது உங்க பின்பக்கத்து மூணு ஏக்கர். ஓடையும் புதரும். வீடு நிக்கிற ஏக்கர் பன்னெண்டு, புள்ளி, சைபர் ஒண்ணு. அது தனி மனை, தனி சீட்டு."

வெர்லீன் கண்ணாடியை மாட்டி வாசித்தாள். இத்தனை வருடம் அவள் அப்பா பெயரைப் பார்த்தாள், கட்ட வேண்டிய தொகையைப் பார்த்தாள். அந்த எண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. திரையில் வரைபடம் வந்தது. நாலு ஏக்கர் நிலத்தின் முன்மூலையில், கேக்கிலிருந்து வெட்டியெடுத்த மாதிரி ஒரு சின்னச் சதுரம். அதற்குள் அவளுடைய வீடு.

"யாரு வெட்டினது இதை?"

"எண்பத்தாறுல. வீடு கட்டக் கடன் குடுக்கணும்னா ஒரு ஏக்கரைத் தனியா எழுதித் தான்னு பேங்க்குல கேப்பாங்க. உங்கப்பா உங்க அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்திருக்காரு."

அது அவளுக்கு நினைவிருந்தது, பாதி நினைவு. செங்கல் வீடு கட்டின வருடம். விவசாயிக்குக் கடன் தரமாட்டார்கள், சம்பளச் சீட்டு வேண்டும் என்றார்கள். ஹோலிஸ் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். கையெழுத்துத்தானே என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ஏலம்னு எனக்கு ஏன் சொல்லல? வருஷா வருஷம் உங்க மூஞ்சிக்கு முன்னாடிதானே நின்னேன்!"

"கடுதாசி டெட்ராய்ட் விலாசத்துக்குப் போயிருக்கு. பத்திரிகையிலயும் போட்டோம்."

"பத்திரிகையில நம்பரைப் போட்டீங்க! வீட்டைப் போட்டீங்களா? 'வெர்லீன் தூங்குற கட்டிலை விக்கிறோம்'னு போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வெளியே போகத் தொடங்கினார்கள்.

"அப்ப அதுக்கு முன்னாடி ஏலத்துக்கு ஏன் வரல?" என்று வெர்லீன் கேட்டாள். "அதுவரைக்கும் அந்த ஏக்கருக்கு யாரு கட்டினா?"

டாட்டி இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். கட்டின வரலாறு. ஒரு வருடத்துக்கு ஒரு பதிவு, இருபத்தெட்டுப் பதிவுகள், எண்பத்தேழிலிருந்து பதினான்கு வரை. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தேதி டிசம்பர் முதல் வாரம். ஒவ்வொன்றிலும் கட்டியவர் ஹோலிஸ் மேப்ரி, டெட்ராய்ட்.

வெர்லீன் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லை. தொண்ணூற்று மூன்றின் பதிவு மேலிருந்து ஏழாவதாக இருந்தது, டிசம்பர் நான்கு என்று. அவள் பொய்யன் என்று கத்திப் போனை வைத்ததற்குப் பத்து நாள் கழித்துக் கட்டியிருக்கிறான். "பாவி! வாயைத் திறந்து நம்பரைச் சொல்லியிருக்கக் கூடாதா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். அவன்தான் சொன்னானே, வீட்டுக்குக் கட்டுகிறேன் என்று. அதுவும் உடனே நினைவுக்கு வந்தது.

"நான் இப்பவே கட்டி மீட்டுடறேன். எவ்வளவு?"

"உங்ககிட்ட வாங்க முடியாது மிஸ் வெர்லீன். இந்தத் தாள்ல உங்க பேரு எங்கேயும் இல்ல. அவரு பொண்ணுதான் வாரிசு. அவ பிறப்பு, அப்பா இறப்பு சர்டிபிகேட்டுகளோட நேர்ல வரணும்."

பொண்ணு ரெனிட்டா. வெர்லீன் அவளைக் கடைசியாகப் பார்த்தது ஆறு வயதில். மெம்பிஸில் இருந்த சித்தி மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி நம்பர் வாங்கினாள். மத்தியானச் சவாரிக்கு முன்னால், நிறுத்திய பஸ்ஸில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"நான் மிசிசிப்பியிலேருந்து வெர்லீன் பேசுறேன். உங்கப்பா தங்கச்சி."

"ஓ. சாவுக்கு வராத அத்தையா?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு. வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நான் டெட்ராய்ட் வீட்டை வித்துட்டு ஒஹாயோ வந்து நாலு வருஷம் ஆச்சு," என்றாள் ரெனிட்டா. "ஒரு கடுதாசியும் எனக்கு வரல. ஆமா, நீங்க ஏன் கட்டல? அப்பா சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. 'அந்த வீட்டுல ஹாயா உக்காந்திருக்கா, ஒத்த டாலர் வரி கட்டினாளா?'ன்னு."

"நானாடி கட்டல? டப்பா நெறய ரசீது வச்சிருக்கேன்டி!"

சொல்லிவிட்டு நிறுத்தினாள். ஒத்த டாலர். அவளுடைய வார்த்தை அச்சுப் பிசகாமல் வடக்கிலும் புழங்கியிருக்கிறது. இரண்டு பேரும் ஒழுங்காகக் கட்டினார்கள், இரண்டு பேரும் அடுத்தவரை ஊரெல்லாம் திட்டினார்கள்.

"எனக்கு வெள்ளிக்கிழமை டியூட்டி இருக்கு அத்தை."

"எனக்காக வராதே. நான் உனக்கு என்ன செஞ்சேன்? உங்கப்பா இருபத்தெட்டு வருஷம் கட்டினது ஒரு இஸ்திரிச் சட்டைக்காரனுக்குப் போகுது. அதுக்காக வா."

ரெனிட்டா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டபோது மணி நாலு பத்து. டிப்போவுக்குப் போகாமல் காலி பஸ்ஸை நேராக அலுவலகத்துக்கு ஓட்டினாள். ஷெரீப்பின் கார் நிற்கிற இடத்தில் மஞ்சள் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினாள். கேட்க வந்த போலீஸ்காரன் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஹாலில் ஸ்டாலிங்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், பெட்டி கட்ட ஆள் வேணும்னா சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"வாயை மூடு. அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

நாலு முப்பத்தெட்டுக்குக் கதவு திறந்தது. கசங்கின நர்ஸ் உடுப்பில் ஒருத்தி, கையில் ஒரு உறை. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஹோலிஸின் நெற்றி, ஹோலிஸின் முறைப்பு. அவள் வெர்லீனைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்காமல் ஜன்னலுக்குப் போய் உறையை வைத்தாள். டாட்டி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பாதிப் பணம் ரெனிட்டா வைத்தாள், பாதி வெர்லீன். நாலு ஐம்பத்திரண்டுக்கு முத்திரை விழுந்தது. ஸ்டாலிங்ஸ் எழுந்து போய்விட்டான்.

"இனி யாரு பேருல?" என்று டாட்டி கேட்டாள்.

"ரெண்டு பேரு பேரும் வரட்டும்," என்றாள் ரெனிட்டா. "சீட்டு அத்தை விலாசத்துக்கே வரட்டும். வக்கீல்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அப்புறம், கட்டின வரலாற்றை அச்செடுத்துத் தரச் சொன்னாள். தாளைக் கையில் வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அந்த ஒரு வருடம் மட்டும் ஒரே தடவையில் கட்டவில்லை, மூன்று தவணை.

"ரெண்டாயிரத்து எட்டு. பேக்டரியில ஆள் கொறைச்ச வருஷம்," என்றாள். "அப்பா வண்டியை வித்துட்டு பஸ்ஸுல போனாரு. பணம் எங்க போச்சுன்னு அம்மா கேட்டுக் கேட்டுச் சண்டை போட்டாங்க. சொல்லவே இல்ல."

அந்த வருடத்து ஈஸ்டருக்குத்தான் வெர்லீன் சபையின் நடுவில் அண்ணனைக் கஞ்சன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். நன்றாகச் சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பு அத்தனையும் காதில் கேட்டது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, "நான் ஒரு கழுதை," என்றாள். ரெனிட்டா மறுத்துப் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரம். ஊருக்குத் திரும்பாமல் தங்கிய ரெனிட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நோய் குணமானவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து சொன்னார்கள். வெர்லீன் எழுந்தாள். கையில் அந்த அச்சுத் தாள். முகத்தில் வழக்கமான அதே கோபம், அதனால் பாஸ்டர் உடனே தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உக்காருங்க பாஸ்டர், உங்களைப் பத்தி இல்ல," என்றாள். "எங்கண்ணன் ஹோலிஸ் மேப்ரி நான் தூங்குற வீட்டுக்கு இருபத்தெட்டு வருஷம் வரி கட்டியிருக்கான். தேதியோட இருக்கு, வேணுங்கிறவங்க வாங்கிப் பாருங்க. அவன் ஒத்த டாலர் கட்டலேன்னு இந்தக் கூரைக்குக் கீழே நின்னு நான் சொன்னது பொய். அவன் பொணத்தைக்கூட நான் போய்ப் பாக்கல." குரல் உடைந்தது. அதற்கும் கோபம் வந்து இன்னும் சத்தமாகக் கேட்டாள்: "அந்தப் பொய்யை என் வாயால கேட்டவங்க யாரெல்லாம் இங்க இருக்கீங்க? கையைத் தூக்குங்க!"

முதலில் பாட்டுக்குழுவில் ஒரு கை. பின்வரிசையில் இரண்டு. பிறகு பெஞ்சு பெஞ்சாக, கிழவர்கள், தாய்மார்கள், அவள் பஸ்ஸில் வளர்ந்தவர்கள், கடைசியில் பாஸ்டரும். கை தூக்காமல் உட்கார்ந்திருந்தது ரெனிட்டா ஒருத்திதான். அவள் திரும்பி அத்தனை கைகளையும் பார்த்தாள்.