உப்பின் மேல் முட்டி

ஜாடியிலிருந்து சிந்திய கல்லுப்பைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். நறநறவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சென்னை சமையலறை எங்கோ போய்விட்டது. மரக்காணம், அக்கா வீடு, போன மாதத்துச் சாயங்காலம்.

நான் உள்ளே நுழைந்தபோது, கதவோரம் விரித்த சாக்கில் உப்பைப் பரப்பி, அதன்மேல் முட்டி போட்டிருந்தாள் அக்கா மகள். ஏழாவது படிக்கிறாள். தூக்கி நிறுத்தினேன். மழை விழுந்த மணல் மாதிரி முட்டியெல்லாம் குழி குழியாக இருந்தது.

"வகுப்புல ஓயாம பேசறாளாம். டீச்சர் போன் பண்ணாங்க" என்றாள் அக்கா. "நாங்க புள்ளைய தொடக் கூடாதுங்க, நீங்களே பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க."

அவள் கணவர் உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வெடித்த குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டே, "நான் கை வெச்சனாம்மா? அடிக்கக் கூடாதுன்றாங்க. அடிக்கலியே" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

எங்கள் காலத்தில் பள்ளியில் பிரம்பு, வீட்டில் உப்பு. இன்று பிரம்பு போய்விட்டது. அதன் வேலையையும் சேர்த்து உப்பே பார்க்கிறது.

சட்டம் என்றேன். வீட்டுக்குள்ளேயும் இது தப்பு என்றேன்.

"நாம போடாத முட்டியா?" அக்கா சிரித்தாள். "நல்லாத்தான நடக்கறோம். நீ கவித வேற எழுதற."

"போலீசுல சொல்லவா?"

"சொல்லு. அவர உள்ள வெச்சா சோறு நீ போடுவியா?"

சரி, பெண்ணை என்னோடு அனுப்பு என்று கேட்டேன். வயசுக்கு வரப்போகிற பெண்ணை வெளியூரில் விடுவதாக இல்லை அவர்கள். அதோடு பேச்சு முடிந்தது. அக்கா சாக்கை உதறி, உப்பை வாளியில் அள்ளி வைத்தாள். கொட்டவில்லை. மறுபடியும் வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை என்னை பஸ் ஏற்றிவிட அக்கா மகள்தான் வந்தாள். உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. கால் மடங்காமல் விறைப்பாக நடந்தாள். நான் அவளுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. "இப்பவே இறங்கி உங்க டீச்சர்கிட்ட பேசட்டுமா?" என்றேன், பஸ் படியில் நின்றபடி.

முதல்முறையாக அவள் முகம் மலர்ந்தது.

"பேசு சித்தி. வீட்டுக்கு போன் பண்ண வேணாம்னு சொல்லு. அங்கியே ரெண்டு அடி அடிச்சி அனுப்பிடச் சொல்லு."