இரண்டு தடவை சேலை எடுக்கப் போனோம்

எண்பதுகளின் நடுவில், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம், நானும் கணவரும் சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்கு ரயிலேறினோம். சுற்றிப் பார்க்க அல்ல. என் கருப்பை வாயில் மரு இருப்பதாகச் சொன்ன உள்ளூர் லேடி டாக்டர், புற்றுநோயா என்று பார்த்துவிடச் சொல்லியிருந்தார். பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

வாசலில் மாமியார் கேட்டார், "எங்கல, ரெண்டு பேரும் காலங்காத்தால?"

"மதுரைக்கு, சேலை எடுக்கம்மா," என்றார் கணவர்.

"இங்கன இல்லாத சேலையா அங்கன கெடக்கு?"

தெருவுக்குத் தெரு தறி ஓடுகிற ஊர். இதைவிட மட்டமான பொய் அவருக்குக் கிடைக்கவில்லை.

மதுரை சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். ராஜபாளையம், விருதுநகர் வழியாக வண்டி மதியம்தான் சேர்த்தது. கணவர் ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையோடு நின்றுகொண்டார். உள்ளே அங்கிருந்த டாக்டரம்மா ஒரு திரவம் தடவ, மரு வெளுத்துத் தெரிந்ததாம். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பொய்யைக் காப்பாற்ற ஒரு சேலை வாங்கித் திரும்பினோம். பார்டரைப் பார்த்ததுமே மாமியார், "இது நம்மூரு நெசவுல்லா!" என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி "சேலை எடுக்க". புற்றுநோய் இல்லை என்றார் டாக்டரம்மா. மருவைக் குளிர்க் கருவியால் உறைய வைத்தார். அடிவயிறு இழுத்துப் பிடித்தது, தாங்க முடிந்தது.

"இது புருசன் பொஞ்சாதிக்குள்ள ஒட்டிக்கிறது. வீட்டுக்காரரையும் பாக்கணும்மா. எங்க அவரு?"

டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். "எனக்கும் இருக்கு. தானா போயிரும்னு விட்டுட்டேன்."

இத்தனை நாளும் என் உடம்பில்தான் கோளாறு என்று குமைந்தவள் நான். "நீங்க உள்ள போகாம நான் ரயில் ஏற மாட்டேன்," என்றேன். போனார்.

ஊர் திரும்பியபோது மாமியார் என் கையைத்தான் பார்த்தார். "சேலை எங்கட்டி?"

நான் வாய் திறக்குமுன் கணவர் சொன்னார், "சேலை இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கும் வைத்தியம், இவளுக்கும் வைத்தியம்." தன்னை முதலில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்படியொரு பயணம் போகிறவர்களுக்கு: உறைய வைத்தபின் சில வாரம் நீராக வடியும், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். மறுபரிசோதனையை விடாதீர்கள். இருவருமே உள்ளே போங்கள். வாசலில் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சேலைச் செலவாவது மிச்சம்.