இரண்டு ஏஸும் ஒரு ஜோடி ஷூவும்

ஆம்பூருக்குப் போகிறேன் என்றால் பிரியாணிக்கா என்று கேட்பார்கள். நான் போனது சீட்டாட. ஞாயிறு காலை எட்டே காலுக்கு வேலூரில் ஐம்பது ரூபாய் டிக்கெட் எடுத்துப் பேருந்தில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர். பக்கத்தில் இருந்தவர் மாதனூரில் இறங்கும்வரை என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஷூ கம்பெனியில் வேலையாம். என் வலது கால் அளவு ஒன்பது, இடது கால் ஏழு; சிறுவயதுக் காய்ச்சலின் மிச்சம். எப்போதும் இரண்டு ஜோடி வாங்கி, பாதியைத் தூக்கிப் போடுகிறவன் நான்.

ஒன்பதே முக்காலுக்கு ஆம்பூர். நண்பர் டேவிட் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் மாதிரி ஷூ செய்யும் பிரிவில் இருக்கிறார். வெளியாளுக்கு அவர்கள் ஒன்றும் செய்து தருவதில்லை. வருடம் ஒருமுறை கேன்டீனில் நடக்கும் போக்கர் போட்டியில் ஜெயிப்பவருக்கு மட்டும், இரு கால்களையும் அளந்து ஒரு ஜோடி. பணம் கிடையாது, தோல் துண்டில் வெட்டிய வில்லைகளை வைத்துத்தான் ஆட்டம். வில்லை தீர்ந்தவர் வெளியே. எனக்கு அந்த ஷூ வேண்டியிருந்தது; டேவிட் சொல்லி என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்குப் பதினெட்டுப் பேர் உட்கார்ந்தோம். ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. மதியம் ஒன்றரைக்கு மூன்று பேர் மிஞ்சினோம். ஒருவர் இம்தியாஸ் பாய். தோலைத் தரம் பிரிப்பவர். மட்டமான சீட்டு வந்தால் அவர் கட்டைவிரல் அதன்மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். நான் அதைக் கவனித்து, மட்டமான சீட்டோடு வில்லைகளைத் தள்ளி அவர் மிரட்டியதற்கு மசியாமல் அவரை வெளியேற்றினேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மிஞ்சியவர் சுமதி, தையல் பிரிவு. என்னைவிடக் கொஞ்சம் அதிகமாக வில்லை வைத்திருந்தார். அடுத்த ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. அதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது. பந்தயத்தைப் பெரிதாக ஏற்றினால் அவர் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிடுவார், எனக்கு இரண்டு வில்லைதான் கிடைக்கும். சும்மா இருந்தால் மொத்தமும் வரலாம். ஆசை யாரை விட்டது? சும்மா இருந்தேன்.

மேசையில் மூன்று சீட்டு திறந்தது: குயின், ஒன்பது, நான்கு. சுமதியின் கட்டைவிரல் தன் சீட்டுகளை மெதுவாகத் தடவியது. பிறகு எல்லா வில்லைகளையும் நடுவில் தள்ளினார். மிரட்டுகிறார் என்று முடிவுகட்டி நானும் தள்ளினேன். அவர் திருப்பிக் காட்டியது ஒன்பதும் நான்கும்; மேசையில் இருந்ததோடு சேர்ந்து இரண்டு ஜோடி, என் ஒரு ஜோடி ஏஸைவிடப் பெரிது. மேசையில் திறந்த பாக்கி இரண்டு சீட்டும் எனக்கு உதவவில்லை.

வெட்கத்தைவிட்டு அந்த விரலைப் பற்றிக் கேட்டேன்.

"பாய் கை குத்தம் தேடுற கை சார். நாங்க நல்லா தைச்சு முடிச்சதத்தான் தடவிப் பாப்போம்," என்றார் சுமதி. "நீங்க முதல்லயே பெருசா ஏத்தியிருந்தா, இந்த ஒம்போது நாலை வச்சிக்கினு நான் இன்னா பண்ணியிருப்பேன்? கவுத்துட்டுப் போயிருப்பேன்."

டேவிட் தரையில் காகிதம் விரித்தார். செருப்பைக் கழற்றி அதன்மேல் ஏறி நின்ற சுமதி, பென்சில் தன் விரல்களைச் சுற்றி வருவதைக் குனிந்து பார்த்தார்.

"பதினோரு வருசமா ஷூ தைக்கிறேன். என் காலை ஒருத்தரும் அளந்ததில்ல," என்றார்.

மூன்றேகால் பேருந்தில் திரும்பினேன். அவருக்குக் கிடைத்தது நியாயம் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வேலூர் வரும்வரை அந்த ஷூ எனக்கு வந்திருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.