காத்துப் படுக்கைக்கு ஒரு தோல் ஒட்டு

ரெண்டு வருஷம் முன்ன வண்டியிலருந்து விழுந்ததுலருந்து என் வீட்டுக்காரருக்குக் கழுத்துக்குக் கீழ உணர்ச்சியும் கெடையாது, அசைவும் கெடையாது. டாக்டரு சொன்னது ஒண்ணே ஒண்ணு: முதுகுல புண்ணு வரக் கூடாது, வந்தா ஆளையே எடுத்துடும். அதுக்காக வாங்குனதுதான் காத்துப் படுக்கை. கட்டில் காலுல தொங்கற சின்ன மோட்டாரு, படுக்கையில வரிசையா இருக்கற ரப்பர் குழாய்ங்கள்ல ஒண்ணு உட்டு ஒண்ணுக்கு மாத்தி மாத்திக் காத்தை ஊதும். நாம தானா பொரண்டு படுக்கறமே, அந்த வேலைய அவருக்கு அது பாக்குது. அந்த மோட்டாருக்கு மனசுக்குள்ள கோயிலே கட்டி வெச்சிருக்கேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை என் பொடவைப் பின்னு குத்தி ஒரு குழாய் ஓட்டையாயிடுச்சு. சோப்புத் தண்ணி தடவுனேன், குமிழி வந்த எடம் தெரிஞ்சிது. ஆம்பூரு ஷூ கம்பெனியில பதினஞ்சு வருஷமா தோல் ஒட்டறவ நான், பங்க்சர் கடைக்கு எதுக்குப் போவணும்? வீட்ல கெடந்த மெல்லிசுத் தோலை வட்டமா வெட்டி, ஷூவுக்குத் தடவற மாதிரியே ஓரத்துல மட்டும் பசை தடவி, சுத்தியால நாலு தட்டு. "பாத்தியா நம்ம கை வேலைய!"ன்னு பீத்திக்கினு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு.

மறுநாளு பகல்ல பக்கத்து வீட்டு அக்கா சோறு ஊட்டிட்டுப் போயிருந்துது. சாயங்காலம் நான் கம்பெனி வேன்லருந்து எறங்கி வந்தா, படுக்கை அப்பளமா கெடக்குது. மோட்டாரு பாவம், ஊதிக்கினே இருக்குது. இடுப்புக்கடியில கைய உட்டேன், பலகை தட்டுது. பொரட்டிப் பாத்தா உள்ளங்கை அகலத்துக்குச் செவந்திருந்துது. நல்லவேளை, கிழியல.

தோல் காத்தை உடும். அதனாலதான் தோல் ஷூவுல காலு வேவாதுன்னு கம்பெனிக்கு வர்றவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்றோம். இது எனக்குத் தெரியாதா இன்னா? தெனம் கையில புடிக்கறதுதானேன்னு புத்தி மழுங்கிப்போச்சு.

பங்க்சர் கடைக்காரரு வந்து டியூப் துண்டு வெச்சு ஒட்டிக் குடுத்தாரு. செவப்பு மறைய ஆறு நாளாச்சு. ஆறு நாளும் லீவு போட்டு, அவரைப் பொரட்டிப் பொரட்டிப் படுக்க வெச்சேன்.

ஆறாவது நாளு மெதுவா சொல்றாரு: "தோலு காத்தை நிறுத்தாதுன்னு நீ ஒட்டும்போதே எனக்குத் தெரியும்." தோல் பதனிடற டேனரியில வேலை செஞ்ச மனுஷன், தெரியாமலா இருக்கும்? "ராத்திரியே உஸ்ஸுன்னு காத்து போற சத்தமும் கேட்டுது. ரெண்டு வருஷத்துல நீ அப்டி சிரிச்சு நான் பாக்கல. கெடுக்க மனசு வரல."

"யோவ், வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"ன்னு கத்துனேன். கத்தும்போதே அழுகை வந்துடுச்சு. "நான் சிரிக்கணும்னா நீ இருக்கணும்யா."

அவரு மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கினாரு. அவரால தானா திருப்ப முடிஞ்சது அது மட்டும்தான்.